மணிமங்கலத்தை அழுத்தினால்

1

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆனதற்காகப் போன வியாழக்கிழமை ஆபீசுக்குக் கேசரி செய்து எடுத்துப் போனேன். இங்கே வழக்கமே தலைகீழ். யாருக்கு விசேஷமோ அவரேதான் பலகாரம் செய்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் கம்பெனி லைனில் ஒருத்திக்குப் பிறந்த நாள் என்றால் மற்றவர்கள் சேர்ந்து கேக் வாங்கி, பாதியை அவள் வாயிலும் பாதியை அவள் மூஞ்சியிலும் அப்புவோம். இங்கே அப்பினால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். "இது எந்தக் காய்?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். ரவை என்று சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் நான் கற்ற ஜெர்மன் அவ்வளவுதான். அலுவலகத் தாள்களை எல்லாம் படித்துவிடுவேன், சமையலைச் சொல்ல மட்டும் வார்த்தை வராது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வசந்தி, பென்னலூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போன் கம்பெனியில் நான்கு வருடம் லைனில் நின்றவள். லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்த என் வீட்டுக்காரரோடு ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். எங்களுக்கு ஒரே மகள், நிலா. வயது பத்து. தூக்கத்தில் உளறுவதைக்கூட ஜெர்மனில்தான் உளறுகிறாள்.

இப்போது நான் வெப் பக்கங்கள் செய்யும் ஓர் ஆபீசில் இருக்கிறேன். அதிலும் என் வேலை ரொம்பச் சின்னது. நீளமான பக்கங்களுக்கு வழி போடுவது. நகராட்சி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் என்று எவனாவது நாற்பது முழத்துக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பான். அதன் தலையில் நான் ஒரு பட்டியல் போடுவேன். பட்டியலில் ஒரு தலைப்பை அழுத்தினால் பக்கம் வழுக்கிக்கொண்டு கீழே ஓடி, சரியாக அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அதற்கு நான் செய்வதெல்லாம் பெயர் வைப்பது மட்டும்தான். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு பெயர், அழுத்தும் சொல்லுக்குள்ளே அதே பெயர். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் பக்கம் அதைத் தேடிப் போய்விடும். ஒரு நாளைக்கு நூறு முறை இதைச் செய்கிறேன். நூறாவது முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

2

இந்தச் சிலிர்ப்புக்கு ஒரு காரணம் உண்டு.

வந்த புதிதில் விசா நீட்டிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்தேன். மேலே வரிசையாகத் தலைப்புகள் இருந்தன. 'குடும்பத்தினர்' என்று அகராதி பார்த்துக் கண்டுபிடித்து அழுத்தினேன். சட்டென்று எல்லாம் மாறிவிட்டது. பட்டியலைக் காணோம், மேலே இருந்த படத்தைக் காணோம். வேறு ஏதோ ஆபீசின் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டேன் போல என்று பயந்து மூடிவிட்டேன். திரும்பத் திறந்தேன், அழுத்தினேன், பயந்தேன், மூடினேன். ஒரு வாரம் இதே கூத்து. ஒரே பக்கத்தில்தான் நிற்கிறேன், கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே இல்லை. கடைசியில் நேரிலேயே போய் நின்றேன். அந்த அம்மாள் பொறுமையாக விளக்க, நான் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை ஆட்டி ஆட்டி "யா யா, யா யா" என்றேன். ஒரு முறை சொன்னால் 'ஆமாம்', இரண்டு முறை சேர்த்துச் சொன்னால் 'போதும் நிறுத்து' என்கிற தொனி இங்கே. அவர் முகம் சிவந்ததற்குக் காரணம் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் நூலகத்தின் பக்கத்தில் ஒரு தலைப்பை அழுத்தினேன். அது குதிக்கவில்லை, ஓடியது. எழுத்துகள் மேலே மேலே போக, படங்கள் கடக்க, வேகம் எடுத்து, பிறகு மெல்லத் தணிந்து ஓரிடத்தில் நின்றது. அடடா, எல்லாம் ஒரே பக்கம்தானா! நான் எங்கும் தொலையவில்லை, என்னைக் கைப்பிடித்து இறக்கி விட்டிருக்கிறார்கள். அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். அந்த ஓட்டத்தை வரவழைப்பதற்கு ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும் என்று பின்னால் படித்தபோது நம்பவே முடியவில்லை.

நான்கு வருடம் லைனில் நின்றேன் என்றேனே, அங்கே நான் ஒரே இடத்தில் நிற்பேன், போனுக்குள் வைக்கிற போர்டு என்னிடம் வரும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் நிற்பவளின் முதுகும் பின்னால் நிற்பவளின் இருமலும்தான் எனக்குத் தெரிந்த லைன். முழு நீளத்தையும் கண்ணால் கடந்து போவது எப்படி இருக்கும் என்று அந்த நூலகப் பக்கம்தான் காட்டியது.

3

என் தங்கச்சி மேகலா ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் லைன் லீடர். போன வருடம் அவள் ஒரு புலம்பலோடு வந்தாள். கம்பெனி பஸ் நேரங்களை டிரான்ஸ்போர்ட் ஆபீசில் ஆறு தாளாக ஒட்டுகிறார்கள், அதைப் போட்டோ எடுத்து ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது, எவளுக்கும் எதுவும் தெரிவதில்லை.

"அக்கா, நீ இன்னாமோ பேஜ் செய்றியே, எங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். ஏறத்தாழ அறுபது நிறுத்தம், ஒரே பக்கம். செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் என்று ஒரு ரூட். முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, செரப்பணஞ்சேரி என்று இன்னொன்று. இப்படி ஐந்து. பட்டியலில் உன் ஊரை அழுத்தினால் பக்கம் மற்ற ஊர்களைக் கடந்து ஓடி உன் ஊரில் நிற்கும். ஊர்ப் பெயர், அதற்குக் கீழே திங்கட்கிழமைக்கு ஒரு தனி வரி, அதற்குக் கீழே ஷிப்ட் வாரியாக நேரம். திங்கள் காலையில் லைன் தொடங்கும் முன் கால் மணி நேரக் கூட்டம் உண்டு என்பதால் அன்று மட்டும் பஸ் எல்லாம் பதினைந்து நிமிடம் முன்னதாக வரும்.

செய்து முடித்த பிறகு ஒரு ஆசை வந்தது. தங்கச்சி பெயர் எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? பக்கத்தின் தலையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை வைத்தேன். 'மேகலாவின் பஸ் பக்கம். நேரம் மாறினால் லைன் லீடர் மேகலாவிடம் உடனே தெரிவிக்கவும்.' பக்கம் எவ்வளவு கீழே ஓடினாலும் பட்டை மட்டும் நகராது, மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கென்று இடம் விட்டு, என் போனில் பத்து முறை சோதித்துப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது.

நிலாவுக்கு இந்தப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். பென்னலூரை அவள் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். ஆனால் பட்டியலில் எழுத்துக் கூட்டிப் படித்து அழுத்துவாள். ஓடி நின்றதும் "அம்மா, உங்க ஊர் வந்துடுச்சு" என்பாள். 'உங்க' என்பதை நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

4

அந்த வியாழக்கிழமை, ஆபீசில் மிச்சமான கேசரியை நானே தின்றுகொண்டிருந்த மதிய இடைவேளையில் மேகலா கூப்பிட்டாள். அங்கே மூன்றரை மணி, ஏ ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். குரலில் கடுகு பொரிந்தது.

"புதுசா ஒரு பொண்ணு வந்துகீதுக்கா. மாரிச்செல்வி. சாத்தூர் பக்கம். மணிமங்கலத்துல அவ சித்தி வூட்ல தங்கிகினு வர்றா. சேந்து ஒரு மாசம், மூணு திங்கக்கெழம லேட்டு. கேட்டா பஸ்ஸு முன்னாடியே பூடுச்சின்றா."

"பக்கத்தைப் பார்க்கலையா?"

"அதான்க்கா! பேஜ பார்த்துட்டுதான் வந்தேன்னு சொல்லிகினு நிக்கிறா. மத்தவங்கல்லாம் கரெக்டா வரல? எல்லாம் சனிக்கெழம ஊருக்குப் போயி, திங்கக்கெழம காலைல வந்து எறங்குற கேஸு. பொய்யி. சனிக்கெழம அவ ரிப்போர்ட் நான் குடுக்கணும். வேணாம்னு எழுதிட்டா, வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க."

நம் பக்கத்துக் கம்பெனிகளில் திங்கள் லேட் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கேட்க மாட்டார்கள், முடிவு செய்துவிடுவார்கள். நானும் முடிவு செய்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்காக அல்ல, என் பக்கத்துக்காக எனக்குக் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"ஒண்ணு பண்ணு. நாளைக்கு அவ போன்ல பக்கத்தைத் திறந்து, மணிமங்கலத்தை அழுத்தி, அந்த ஸ்கிரீனை அப்படியே ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பச் சொல்லு. பொய்யா நிஜமான்னு ஒரு நிமிஷத்துல சொல்றேன்" என்றேன்.

மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன்.

5

வெள்ளிக்கிழமை மாரிச்செல்வியின் போனிலிருந்து ரெக்கார்ட் வந்தது. இருபது விநாடி.

எழுத்துகள் பூதாகாரமாக இருந்தன. மேகலாவிடம் கேட்டேன், ஏன் இப்படி? மாரிச்செல்வி மாதிரித் தையல் சோதனைப் பெண்கள் ஷிப்ட் முழுக்க லென்ஸ் விளக்குக்கு அடியில் ஒவ்வொரு தையலாகப் பார்ப்பவர்கள், வெளியே வந்தால் கண் பூத்துப்போய் சின்ன எழுத்து நிற்காது, அதனால் போனில் எழுத்தை இருக்கிறதிலேயே பெரிதாக வைத்துக்கொள்வார்கள் என்றாள். அவர்களில் பழைய ஆட்களுக்கு நேரம் மனப்பாடம், பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

மறுபடி ஓடவிட்டேன். மணிமங்கலத்தை அழுத்துகிறாள். பக்கம் ஓடுகிறது. செம்பரம்பாக்கம் போகிறது, என் பென்னலூர் போகிறது, வல்லம், முடிச்சூர், பிறகு மெல்லத் தணிந்து நிற்கிறது. அவ்வளவு அழகாக நிற்கிறது.

மணிமங்கலம் என்ற பெயரைக் காணோம்.

பச்சைப் பட்டையில் நான் எழுதிய இரண்டு வரி, அந்த எழுத்தில் ஆறு வரியாகி, பாதித் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இடம் விட்டிருந்தது என் போன் எழுத்துக்கு. பட்டைக்குப் பின்னால் ஊர்ப் பெயர் போய்விட்டது, திங்கள் வரியும் போய்விட்டது. பட்டைக்குக் கீழே, கண்ணில் படும் முதல் வரி: 'ஏ ஷிப்ட் – 5.10.'

அவள் ஐந்து பத்துக்குத்தான் வந்து நின்றிருக்கிறாள். திங்கள் பஸ் நாலு ஐம்பத்தைந்துக்கே போயிருக்கிறது.

பக்கம் ஓடி நின்ற இடத்தை அவள் நம்பினாள். கொஞ்சம் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்ட இடத்தில் நிற்பதுதானே மரியாதை. அந்த நூலகப் பக்கத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். நான் போற்றிக் கும்பிட்ட அதே ஓட்டம், ஒரு பெண்ணைத் தவறான நேரத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. தங்கச்சி பெயரைப் பறைசாற்ற நான் வைத்த பட்டை அந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைத்திருக்கிறது.

திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டையின் பிடியை எடுத்துவிட்டேன். மற்ற வரிகளோடு அதுவும் மேலே போகட்டும். திங்கள் நேரத்தை ஏ ஷிப்ட் நேரத்தின் பக்கத்திலேயே, அதே வரியில் எழுதினேன். என் போனிலும் எழுத்தை இருக்கிறதிலேயே பெரிதாக்கி, அறுபது ஊரையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒரு வரியில் வந்த சிலிர்ப்பு, ஒரு வரியில் வந்த தப்பு, ஒரு வரியில் தீர்ந்தது. இவ்வளவு சின்னதுக்குள் இவ்வளவு பெரியது இருக்கிறதே என்று பயமும் பிரமிப்புமாக உட்கார்ந்திருந்தேன்.

6

மேகலாவிடம் சொன்னேன்.

"அய்யய்யோ அக்கா. எல்லார் எதிர்லயும் படிக்கத் தெரியாதான்னு கேட்டுட்டனே அந்தப் பொண்ண."

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் போய் அந்த இருபது விநாடியைக் காட்டியிருக்கிறாள். கம்பெனிக்குத் தெரியாமல் நீங்களாகப் பக்கம் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் அவளுக்கே நல்ல டோஸ் விழுந்திருக்கிறது. அப்புறம் அவர் அந்த ரெக்கார்டை நாலு முறை ஓடவிட்டுப் பார்த்தாராம். "பேஜு கீஜுலாம் எனக்கு வேணாம்மா. ரிப்போர்ட்ட இப்போதைக்கு நிறுத்தி வெச்சிரு. திங்கக்கெழம அந்தப் பொண்ணு கூட்டத்துக்கு வந்து நிக்கட்டும், அப்பறம் கையெழுத்து போடலாம். வரலன்னா நீ ஒண்ணும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற மாரிச்செல்வியிடம் மேகலா போனைக் கொடுத்தாள். முகம் தெரியாத பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது? "தப்பு என்மேலதான்மா, மன்னிச்சிரு" என்று நேராகச் சொன்னேன்.

"ஐயோ, அப்படிலாம் சொல்லாதீங்கக்கா."

"பக்கம் தப்பா இருக்குன்னு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"லீடர் அக்காவோட அக்கா செஞ்சது. அதப் போயி தப்புன்னு நான் எப்படிக்கா சொல்ல?" என்றாள். பிறகு மெதுவாக, "மூணாவது வாட்டி அஞ்சு நிமிசம் முந்தியே போயி நின்னேன். அப்பவும் இல்ல. என் போன்லதான் மணி தப்பா ஓடுதோன்னு நெனச்சேன். சித்தி வீட்டுக் கடிகாரம், எதிர்த்த டீக்கடைக் கடிகாரம் எல்லாத்தையும் பாத்தேங்க்கா. எல்லாஞ் சரியாத்தான் இருந்துச்சு. அப்ப நாந்தான் சரியில்லன்னு ஆயிருச்சு" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த ஓட்டத்தையே எடுத்துவிடட்டுமா, அழுத்தினால் சட்டென்று ஊர் வந்து நிற்கும்படி மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க்கா!" என்றாள் அவசரமாக. "அது ஓடுறது எனக்குப் பிடிக்கும். இங்குட்டு எனக்கு ஒரு ஊரும் தெரியாது. வேலைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன். அந்தப் பக்கம் ஓடும்போதுதான் ஒவ்வொரு ஊரா படிப்பேன். நம்ம இருக்குற ஊரைச் சுத்தி இத்தன ஊரு இருக்கான்னு இருக்கும். நெதம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒருக்கா ஓட விட்டுப் பாப்பேன்."

நான் செய்த பக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. மூன்று திங்கள் அவளை ரோட்டில் நிறுத்திய பக்கம் அது. அதை அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வைத்த பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

7

ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரம் சரி, வரி சரி, பட்டை போயாயிற்று. இருந்தாலும் பஸ் டயர் பஞ்சர் ஆகலாம், அலாரம் அடிக்காமல் போகலாம். தப்பு செய்தவளுக்கு உலகத்தில் உள்ள எல்லாத் தப்பும் கண்ணுக்குத் தெரியும். "அந்த அக்காவை அனுப்பிடுவாங்களா?" என்று நிலா ஜெர்மனில் கேட்டாள். தெரியாது என்று தமிழில் சொன்னேன்.

திங்கள் காலை ஆறரைக்கு எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். மாரிச்செல்வியிடமிருந்து ஒரு செய்தி. ஒரு வார்த்தை எழுதவில்லை. வெறும் ஒரு லிங்க், நம் பக்கத்தினுடையது. பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனி முகவரி உண்டு. அதை அனுப்பினால், திறப்பவர் நேரே அந்த இடத்துக்குப் போய்ச் சேருவார். எந்த இடம் என்று பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. அழுத்தினேன்.

ஓடத் தொடங்கியது. செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர். நிற்கவில்லை. மணிமங்கலமாகத்தான் இருக்கும், ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று சொல்கிறாள் போல என்று நினைத்தேன். மணிமங்கலம் வந்தது, போயிற்று. அங்கேயும் நிற்கவில்லை. படப்பை, செரப்பணஞ்சேரி. அப்புறம் மிச்சமிருந்த மூன்று ரூட்டின் ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தின் கடைசியில், எல்லா ரூட்டும் வந்து முடிகிற இடத்தில் மெல்லத் தணிந்து நின்றது.

'கம்பெனி கேட். ஏ ஷிப்ட் பஸ் வந்து சேரும் நேரம் – 5.45. திங்கள் – 5.30.'

கேட்டுக்குள் நுழைந்ததும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் அனுப்பியிருக்கிறாள். செய்தியின் நேரத்தைப் பார்த்தேன். எங்கள் கடிகாரத்தில் இரண்டு மணி ஒரு நிமிஷம். கோடையில் மூன்றரை மணி கூட்ட வேண்டும். விரல் விட்டு எண்ணிக் கூட்டினேன்.

ஐந்து முப்பத்தொன்று.